நெட் இல்லாத மேசை

முண்டியம்பாக்கத்தில் அரவைப் பருவம் தொடங்கினால் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ராஜஸ்ரீ சர்க்கரை ஆலையின் பாகு வாடை ரயில் நிலையம் வரைக்கும் வந்துவிடும். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் வரிசை கட்டிக் காத்துக் கிடக்கும். டிரெய்லரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கழியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடிப்போய் உருவுவார்கள். எனக்கு அந்த மாதங்கள் என்றால் ஒரு சத்தம்தான் முதலில் வரும். நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு தனியார் எடைமேடையில், இரண்டு பேர் சேர்ந்து உட்கார முடியாத சின்ன அறைக்குள், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ரிப்பனை இழுத்து இழுத்துச் சீட்டு அடிக்கும் சத்தம்.

என் அண்ணன் அங்கே இரவு வேலை பார்த்தார். சோற்றுத் தூக்கைக் கொடுத்துவிட்டு, வண்டி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வண்டி மேடைமேல் ஏறியதும் சிவப்பு எண்கள் குதிக்கும். டிரைவர் இறங்கி ஒதுங்கிய பிறகு மெல்ல அடங்கும். அடங்கிய எண்ணை அண்ணன் கையால் தட்டமாட்டார். எடை காட்டும் பெட்டியிலிருந்து ஒரு சாம்பல் நிற ஒயர் சிஸ்டத்தின் பின்பக்கம் ஒன்பது ஊசி உள்ள இணைப்புக்குப் போகும். ஆர்எஸ்-232 என்று அதற்குப் பெயர். 1960ல் மோடம்களுக்கும் டெலிபிரிண்டர்களுக்கும் வகுத்த விதிமுறை அது. பெட்டி எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அண்ணன் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் கணத்து எடை பதிவாகும். முதலில் லோடு எடை, சரக்கை இறக்கிவிட்டு வந்த பிறகு காலி எடை, இரண்டையும் கழித்தால் சரக்கின் எடை. எண்ணில் யாருடைய கையும் படவில்லை என்பதில்தான் கரும்பு கொண்டு வந்தவருக்கு நிம்மதி.

மேடை முதலாளி பிறகு ஒரு புதுக் கணினி வாங்கினார். பளபளப்பாக இருந்தது, நெட் இருந்தது, ஒன்பது ஊசி இணைப்புதான் இல்லை. யுஎஸ்பியில் மாட்டுகிற மாற்று ஒயர் ஒன்று வாங்கி வந்தார்கள். அதைக் கழற்றி வேறு துளையில் மாட்டினால் காம் 3 என்பது காம் 7 ஆகிவிடும். எடை மென்பொருள் பழைய எண்ணையே தேடிக்கொண்டு நிற்கும். சாலையில் வண்டிகள் நிற்கும்போது இதையெல்லாம் ஆராய நேரம் ஏது? பழையதை எடைக்கே விட்டுவிட்டு, புதியதைக் கணக்குக்கு வைத்தார்கள். 2018 ஏப்ரலில் சரக்கு வண்டிகளுக்கு இ-வே பில் வந்தபோது இந்த ஏற்பாடு எவ்வளவு சரி என்று தெரிந்தது. பழையது எடை போடும், புதியது நெட்டில் பில் எடுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதச் சீட்டு.

அந்தச் சீட்டை லேசர் பிரிண்டரில் எடுக்கலாமே என்று கேட்டிருக்கிறேன். அண்ணன் மூன்று தாளையும் பிரித்துக் காட்டினார். லேசரும் இங்க்ஜெட்டும் மேல் தாளோடு நின்றுவிடும். டாட் மேட்ரிக்ஸில் ஊசி ரிப்பன்மேல் அடிக்கிறது. அந்த அடி கார்பன் வழியாக மூன்று தாளுக்கும் இறங்குகிறது. வண்டிக்காரருக்கு ஒன்று, சரக்குக்காரருக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று. ஒரே அடியில் விழுந்தவை என்பதால் மூன்றிலும் ஒரே எண். இதைவிட நேர்மையான அச்சு எனக்குத் தெரியாது.

ஒரு கணினியைப் பழசு என்று சொல்லும் முன், அது எதோடு இணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அந்த அறையில்தான் கற்றேன்.

நான் கடை போட்டது இ-வே பில்லுக்கெல்லாம் வெகு முன்பு. தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்துவிட்டு, டிடிபி கற்றுக்கொண்டு, சென்னை ரிச்சி தெருவில் ஒரு செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் வாங்கினேன். எழும்பூரிலிருந்து பாசஞ்சரில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு நிலையமாகத் தாண்டி வந்தேன். அந்த மானிட்டர் போய்விட்டது. அதோடு வந்த பெட்டி இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி. பேஜ்மேக்கர் 7. பின்பக்கம் பிரிண்டர் மாட்டுகிற அகலமான இணைப்பில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஹார்டுவேர் லாக். அது இருந்தால்தான் தமிழ் மென்பொருள் திறக்கும். இன்றைய கணினிகளில் பெரும்பாலும் அந்த அகல இணைப்பே கிடையாது. பேஜ்மேக்கரும் 2001ல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோயிற்று. ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாணங்கள் நிற்கவில்லையே.

போன ஆவணியில் ஒரு பெரியவர் வந்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்த ஒரு பத்திரிகையை மேசைமேல் வைத்தார். 2006ல் அவருடைய மூத்த மகளுக்கு நான் செய்து கொடுத்தது.

“கடைக்குட்டிக்கும் இதே மாதிரியே வேணும்மா. இதே புள்ளையாரு, இதே எழுத்து. வச்சிருக்கியா?”

“இருக்குதுப்பா, உக்காருங்க.”

பத்திரிகைகளைப் பெண்ணின் ஊர்ப் பெயரில் சேமித்து வைப்பது என் வழக்கம். பேஜ்மேக்கர் திறக்கும்வரை கிர்ரென்று ஹார்ட் டிஸ்க் சுற்றியது. பிறகு அந்தப் பக்கம் அப்படியே வந்தது. மஞ்சள் ஓரம், இரண்டு குத்துவிளக்கு, நடுவில் பிள்ளையார், கீழே தங்கள் நல்வரவை விரும்பும் உறவினர் வரிசை. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். வரிசையில் முதல் பெயரில் விரல் நின்றது.

“எங்கண்ணன். கொரோனாவுல போயிட்டாரு. அவரு பேர எடுத்துட்டு அதே எடத்துல அவரு புள்ள பேர வைம்மா. எடம் மாற வேணாம்.”

எடுத்தேன், வைத்தேன். இடம் மாறவில்லை. இந்த வேலையைப் புதுக் கணினியில் புதிதாகச் செய்ய எனக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது புதியது அல்ல.

அதே பத்திரிகை அன்று மாலைக்குள் சம்பந்தி வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் போக வேண்டும். அதற்கும் வழி வைத்திருக்கிறேன். கடையில் மூன்று மேசை, எக்ஸ்பி இருப்பது முதல் மேசை. எக்ஸ்பியில் பிடிஎப் ஆக்கி, பென்டிரைவில் எடுத்து, நடு மேசை லேப்டாப்பில் பார்த்துவிட்டு, நெட் இருக்கும் மூன்றாவது மேசைக்குக் கொண்டுபோவேன். முதல் மேசைக்கு நெட் கிடையாது. ஒரு காலத்திலும் கிடையாது என்று சொல்ல முடியாது, இருந்தது. அதை எடுத்த கதைக்கு வருகிறேன்.

ஏன் நேராக அந்தக் கோப்பையே அனுப்பக் கூடாது என்று கடைக்கு வருகிற மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள். 2010ல் கல்லூரி வந்த பிறகு எங்கள் ஊர்க் கடைகளுக்குத் தமிழ்நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். நல்ல கேள்விகள் கேட்கிறார்கள். நான் ஒரு சொல்லை அடித்துக் காட்டுவேன். பாமினி எழுத்துருவில் அம்மா என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். கணினி உள்ளே வைத்திருப்பதோ ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஒரு ஹெச். அந்த ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் அம்மா காணாமல் போய் அந்த ஐந்து குறிகள் மட்டும் நிற்கும். யூனிகோடில் அப்படி இல்லை. அ என்றால் 2949. உலகத்தில் எந்தக் கணினியிலும் அது அ மட்டும்தான்.

யூனிகோட் எங்கள் கடைகளுக்கு வந்து சேர நாள் ஆயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் வகுத்தார்கள். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனை எழுத்துருக்கள்! பாமினி, செந்தமிழ், வானவில், இளங்கோ, ஸ்ரீலிபி. ஒரு கடையில் அடித்தது அடுத்த கடையில் திறக்காது. அந்த ஆண்டுகளில் தமிழில் அடித்த மனுக்கள், ஊர்ப் பஞ்சாயத்துக் கணக்குகள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். அந்தந்த எழுத்துரு இருக்கிற, யாரும் இன்னும் காயலான் கடைக்குப் போடாத பழைய பெட்டிகளுக்குள் இருக்கின்றன. இது என்னை உண்மையாகவே வாட்டுகிற விஷயம். ஓலைச்சுவடி அரித்துப்போனதற்கு இன்றைக்கும் வருந்துகிறோம். இருபது வருடத்துக்கு முந்தைய தமிழை இரும்பு விலைக்கு எடைபோட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எடை என்றதும் மறுபடி அண்ணன். மேடை வேலையை விட்ட பிறகும் விழுப்புரம் ஜங்ஷன் முன்பதிவு கவுன்ட்டரில் நின்றால் அவர் காது பிரிண்டர் பக்கம்தான் இருக்கும். அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு பலம் வந்தது. ரயில்வேயில் கணினி முன்பதிவு 1985ல் டெல்லியில் தொடங்கியது. 1994ல் கான்செர்ட் என்ற மென்பொருள் வந்தது. ரயில்வேயின் சொந்தக் கணினி நிறுவனமான கிரிஸ் போர்ட்ரானிலும் சி-யிலும் எழுதியது. அதை ஓட்டியது விஎம்எஸ் என்ற இயங்குதளம். அதன் முதல் பதிப்பு 1970களில் வந்தது. 2002 ஆகஸ்ட்டில் ஐஆர்சிடிசி இணையத்தில் டிக்கெட் விற்க வந்தபோது இந்த உள்கட்டமைப்பைப் பிடுங்கி எறியவில்லை. அதற்கு முன்னால் ஒரு புதிய வாசலை வைத்தார்கள். வாசல் மாறிக்கொண்டே இருந்தது. உள்ளே கணக்கு வைக்கிறவர் மாறவில்லை. இத்தனை பெரிய ரயில்வே செய்ததைத்தான் முண்டியம்பாக்கத்தில் நான் மூன்று மேசையில் செய்கிறேன்.

நெட்டை எடுத்த கதை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தம் தருவதை நிறுத்தியது. அப்போதே நெட்டைத் துண்டித்தேன். ஆனால் முதல் மேசைக்கும் மூன்றாவது மேசைக்கும் இடையில் கோப்பு பகிர ஒரு லேன் ஒயர் மட்டும் இருந்தது. 2017 மே 12ஆம் தேதி வான்னாக்ரை பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. 150 நாடுகளுக்குக் குறையாமல் போனது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே முடங்கின. யாரும் எந்தத் தவறான இணைப்பையும் சொடுக்க வேண்டியதில்லை, கோப்பு பகிரும் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அதுவாகவே போகும் என்று படித்த அன்றே லேன் ஒயரைச் சுருட்டி வைத்தேன். அந்த வருடக் கடைசியிலிருந்து புது விண்டோஸ்களில் அந்தப் பழைய பகிர்வு முறையைத் தானாகச் சேர்ப்பதை மைக்ரோசாப்ட் படிப்படியாக விட்டது. பழையதும் புதியதும் பேசிக்கொள்ள இனி பென்டிரைவ் ஒன்றுதான் வழி.

பென்டிரைவும் லேசுப்பட்டதல்ல. ஒரு கல்லூரி, ஒரு பள்ளி, நாலு நெட் சென்டர் என்று சுற்றிவிட்டு வரும். போல்டர் மாதிரியே படம் போட்டுக்கொண்டு உள்ளே ஒரு வைரஸ் உட்கார்ந்திருக்கும். அதற்காகத்தான் நடு மேசை. என் அக்கா மகனுக்கு 2012ல் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு லேப்டாப் அது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில் ஜெயலலிதா தொடங்கிய திட்டம். அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. விண்டோஸ் 7உம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. லினக்ஸ் பக்கம் யாரும் போகவில்லை. பேட்டரி செத்து, விண்டோஸ் நகரவே மாட்டேன் என்றபோது பரண்மேல் ஏறிவிட்டது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பரணில் இப்படி ஒன்று இருக்கும்.

அதை இறக்கினோம். விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி என்று லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது. கட்டற்ற மென்பொருளைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள். ராமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, எடை குறைந்த ஒரு லினக்ஸை ஏற்றினால் அந்த வயது லேப்டாப் எழுந்து ஓடும் என்பதை அவர்களைப் போன்றவர்களால்தான் எங்கள் ஊர் அறிந்தது. ஓடியது. விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் அங்கே ஓடாது. போல்டர் வேஷம் போட்ட கோப்பு தன் உண்மைப் பெயரோடு அப்பட்டமாகத் தெரியும், அழித்துவிடலாம். வீட்டுக்குள் நுழையும் முன் கால் கழுவ வாசலில் தண்ணீர் வைத்திருப்போமே, நடு மேசைக்கு அந்த வேலை. வருகிற பென்டிரைவ் எதுவாக இருந்தாலும் அங்கே கழுவிக்கொண்டுதான் மற்ற இரண்டு மேசைக்கும் போகும். முதல் மேசைக்கென்று தனியாக ஒரு பென்டிரைவ். அது கடையை விட்டு வெளியே போகாது.

ஒருநாள் அந்த லேப்டாப்பில் எந்த அரசுத் தளமும் திறக்கவில்லை. பாதுகாப்பு இல்லை, பாதுகாப்பு இல்லை என்றே வந்தது. நெட்டில் குறை இல்லை. மூலையில் தேதியைப் பார்த்தால் பத்து வருடம் பின்னால் இருந்தது. இணையதளங்கள் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பின்னால் போன கடிகாரத்துக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ், ஏற்க மறுக்கிறது. தேதியைத் தாங்கிப் பிடிக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது. சில பத்து ரூபாய்ச் சமாச்சாரம். மாற்றியதும் எல்லாம் திறந்தது. எத்தனை நல்ல கணினிகளை இந்த ஒரு காரணத்துக்காகவே கெட்டுப்போச்சு என்று ஒதுக்கியிருப்பார்கள் என்று அன்றைக்கு வயிறு எரிந்தது.

பழையதுக்கு என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஃபெஞ்சல் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த புயல் எங்கள் மாவட்டத்தின் மேலேயே நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தைத் தொடுகிற அளவுக்குத் தண்ணீர் வந்து, டிசம்பர் 2ஆம் தேதி ரயில்களை நிறுத்தினார்கள். கரண்ட் வந்த பிறகும் எங்கள் கடைக்கு நெட் வரவில்லை. போனில் டவர் வரும், போகும். மூன்றாவது மேசையில் இருக்கிற கணினிக்கு நெட் இல்லாவிட்டால் பாதிக் கை போன மாதிரி. நான் அதில் வைத்திருக்கிற தமிழ் எழுதியும் கோப்புகளும் இணையத்தில்தான் இருக்கின்றன.

முதல் மேசைக்கு எதுவும் குறையவில்லை. அதற்கு வெளியுலகம் என்று ஒன்று இல்லாமல் பல வருடம் ஆயிற்றே. நெல் மூழ்கியவர்கள், கரும்பு சாய்ந்தவர்கள், சுவர் இடிந்தவர்கள், மாடு செத்தவர்கள் என்று காலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கலெக்டருக்கு, தாசில்தாருக்கு, வேளாண்மை அலுவலகத்துக்கு மனு. ஒருவர் ஈரத்தில் ஊறிப்போன பட்டாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். சர்வே எண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் படித்து அடித்தேன். மனுவின் வாசகத்தை முதலில் ஒன்று தயார் செய்து வைத்துக்கொண்டு பெயர், ஊர், சர்வே எண், சேதம் மட்டும் மாற்றினேன். டாட் மேட்ரிக்ஸில் கார்பன் வைத்து இரண்டு படி. ஒன்று அதிகாரிக்கு, ஒன்று அவரே வைத்துக்கொள்ள. “இதுல கையெழுத்தும் தேதியும் போட்டு வாங்கி வச்சிக்கங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அந்தப் பழைய பெட்டி நிற்கவில்லை. பக்கத்து வாட்டர் சர்வீஸ் கடை அண்ணன் டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்கு நாற்காலி போட்டார்.

அதற்காகப் பழையதைக் கும்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. அது சாகும். ஹார்ட் டிஸ்க்கின் சத்தம் போன வருடத்தைவிட இந்த வருடம் கனத்திருக்கிறது. அதில் இருப்பதை முழுவதுமாகப் படியெடுத்து இரண்டு இடத்தில் வைத்துவிட்டேன். பழைய விண்டோஸைப் புதுக் கணினிக்குள்ளேயே ஒரு மென்பொருளாக, நெட் இல்லாமல் ஓட்டவும் வழி இருக்கிறது. அக்கா மகன் செய்தும் காட்டினான். ஆனால் அந்தக் கட்டைவிரல் அளவு லாக் அங்கே மாட்டாது. லாக் இருக்கும்வரை பெட்டியைக் காப்பாற்றுவோம். அதற்குள் உள்ளே இருக்கிற தமிழை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

மூன்றாவது மேசையும் இப்போது பழசாகிவிட்டது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கும் மைக்ரோசாப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இந்தக் கணினியை ஏற்காது. வேலையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. நடு மேசைக்குச் செய்ததையே இதற்கும் செய்யப்போகிறேன், லினக்ஸ் ஏற்றினால் நெட் வேலைக்கு இன்னும் பல வருடம் வரும். கல்லூரிப் பிள்ளைகள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. நல்ல காரியம். கொடுக்கிற கையோடு பரணில் இருக்கிற பழைய லட்சங்களையும் ஒரு பார்வை பார்த்தால் பள்ளிக்கூடத்துக்கு, நூலகத்துக்கு, ஊராட்சி அலுவலகத்துக்கு எத்தனை மேசை நிறையும்!

கடையில் இப்போது எனக்கு உதவியாக ஒரு பெண் வருகிறாள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள், விரல் நல்ல வேகம். கூட்டம் இல்லாத மதிய நேரங்களில் முதல் மேசையில் உட்கார்ந்து பழைய கோப்புகளை ஆண்டு வாரியாக யூனிகோடுக்கு மாற்றுகிறாள். மாற்றி மென்பொருள் பெரும்பாலும் சரியாகச் செய்துவிடும். ஒற்றெழுத்தும் கொம்பும் சில இடங்களில் தடம் மாறும், அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். கோயில் மலர்களும் பள்ளி மலர்களும் முதலில், பத்திரிகைகள் பிறகு என்று வைத்திருக்கிறோம். 2008 வரைக்கும் முடிந்திருக்கிறது. தை முகூர்த்தங்கள் ஓய்ந்ததும் 2009.